கரண்டி யார் கையில்?

பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் உடல் பருமனைத் தடுப்பது என்றாலே பேச்சு உடனே 'என்ன கொடுக்கலாம்' என்பதில் போய் நிற்கும். காய், பழம், குடிக்கத் தண்ணீர், இனிப்பு சேர்க்காத பால். இதில் யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தகராறு அடுத்த படியில்தான்: தட்டில் பரிமாறுவது பெரியவரா, குழந்தையேவா?

பெரியவர் பரிமாறுவதில் நன்மை இருக்கிறது. வேலை சீக்கிரம் முடியும், சிந்தாது, எல்லாத் தட்டுக்கும் காய் போய்ச் சேரும். ஆனால் அந்தக் கரண்டி பெரியவர் பசிக்கு அளந்தது. 'பாவம், பசிக்குமே' என்று இன்னொரு கரண்டி விழும். அப்புறம், 'வைத்ததை வீணாக்காதே' என்ற அதட்டல். வயிறு போதும் என்று சொல்வதைக் குழந்தை கேட்காமல் இருக்கப் பழகுவது இப்படித்தான்.

2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து வயதை ஒட்டியும் அதற்குக் குறைவாகவும் உள்ள குழந்தைகளுக்கு, முக்கிய உணவை மட்டும் வயதுக்கேற்ற அளவைப்போல் இரண்டு மடங்கு வைத்துப் பார்த்தார்கள். அதை 25 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு வாயும் பெரிதானதுதான் காரணம். அதற்கு ஈடாக மற்ற உணவைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. தாங்களே எடுத்துப் போட்டுக்கொண்டபோதோ, அந்தப் பெரிய அளவு வைத்த நாளைவிட 25 சதவீதம் குறைவாகவே சாப்பிட்டார்கள்.

மூன்று வயதுக் குழந்தை முதல்முறை கரண்டியைப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நாக்கு வெளியே நீளும், இரண்டு கையாலும் பிடிக்கும், பாதி மேசையில் கொட்டும். ஆரம்ப நாட்களில் துடைத்து மாளாது. சிறிய கிண்ணமும் குட்டைக் கைப்பிடிக் கரண்டியும் வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

'பிடித்ததை மட்டும் அள்ளிக்கொள்வார்களே?' என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் மேசைக்கு என்ன வரவேண்டும் என்பதைப் பெரியவர் முடிவு செய்யவேண்டும்; எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விடவேண்டும். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மட்டும் பெரியவரே எடுத்துவைப்பதுதான் பாதுகாப்பு. புதிய காய் பிடிப்பதற்குள் பத்துமுறைகூட ருசி பார்க்க வேண்டியிருக்கும். 'காயைத் தின்றால் இனிப்பு' என்று பேரம் பேசினால், காய் தண்டனை ஆகிவிடும், இனிப்பு பரிசு ஆகிவிடும். பார்த்துக்கொள்பவரும் கூடவே உட்கார்ந்து அதையே சாப்பிட்டால் பேரமே தேவைப்படாது. என் ஓட்டு குழந்தையே எடுத்துப் போட்டுக்கொள்ளும் முறைக்கே.

ஓடியாடுவதிலும் இப்படி இரண்டு கட்சி: உடற்பயிற்சி வகுப்பா, வெளியே விளையாட்டா? உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி மூன்று, நான்கு வயதினருக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடலசைவு வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடவேண்டும். வகுப்பில் பாதி நேரம் வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். அதனால் வெளி விளையாட்டுதான் முதலில். மழை நாளுக்கு வகுப்பு கைகொடுக்கும். குறும்பு செய்த குழந்தையை விளையாட விடாமல் உட்காரவைக்கும் பழக்கத்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள். அதிகம் ஓடவேண்டிய குழந்தையே அதுதான்.

காப்பகச் சாப்பாடா, வீட்டிலிருந்து வரும் டப்பாவா? எது நடைமுறையோ அதுவே சரி. டப்பா என்றால் பெற்றோரிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: மிச்சம் திரும்பி வந்தால் குழந்தையைத் திட்டாதீர்கள், மறுநாள் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.