மிருதங்கம் எந்தப் பக்கம்? வலக்கைக்காரரும் இடக்கைக்காரரும்

கர்நாடகக் கச்சேரியில் பாடகர் நடுவில். அவருக்கு வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின். கடமும் கஞ்சிராவும் பெரும்பாலும் பின்வரிசையில். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில்தான் (வலக்கைக்காரர் வலக்கையால் வாசிக்கும் தலை) கருப்புச் சோறு, அதாவது நடுவில் பூசிய கருப்புப் பசை, இருக்கிறது, சுருதி சேர்ப்பதும் அதில்தான். வலக்கைக்காரர் பாடகரைப் பார்த்து அந்த இடத்தில் உட்கார்ந்தால் வலந்தலை தானாக ரசிகர்கள் பக்கம் திரும்பிவிடும். நாதமும் விரல் வேலையும் சபைக்கு நேரே வரும்.

இடக்கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் எல்லாம் தலைகீழ். தொப்பி (மிருதங்கத்தின் மறுதலை) முன்னால், வலந்தலை மேடையின் பின்சுவரைப் பார்த்து! அதனால் அவர் பாடகரின் இடப்புறம் வர வேண்டும், வயலின்காரர் மறுபக்கம் போக வேண்டும். அப்படிப் போனால் வில் பிடிக்கும் கை சபைப் பக்கம் வரும். பழகிய கோணம் மாறும். இந்த மாற்றத்துக்கு அந்தக் காலத்தில் பலர் இணங்கவில்லை. மிருதங்க மாமேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைக்காரர் என்பதாலேயே வாய்ப்புகளை இழந்தார். அவரை விடாமல் தாங்கிப் பிடித்தவர் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்.

இன்று இரு தலைக்கும் மைக் வைக்கிறார்கள், ஒலி ஒரு காரணமே இல்லை என்பார்கள். நான் ஏற்கமாட்டேன். சிறிய சபாவில், மைக் இல்லாத கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். வலந்தலையின் மீட்டு என்ற அடி நேராக வருவதும் சுவரில் பட்டு வருவதும் ஒன்றல்ல. இடக்கைக்காரர் வாசிக்கும்போது வயலின்காரர்தான் இடம் மாற வேண்டும்.