வைஃபை உள்ள வீட்டில் எல்லா சிம்முக்கும் டேட்டா வேண்டுமா?

2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றிய பிறகுதான் எங்கள் வீட்டின் மாதச் செலவுகளை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஐந்து பேர், ஐந்து சிம், அதற்கு மேல் ஒரு ஃபைபர் இணைப்பு. ஐந்து சிம்மிலும் தினமும் 1.5 ஜிபி டேட்டா. வீட்டிலேயே இருப்பவர்களுக்கும் அதேதான். எந்த கம்பெனி மலிவு என்று தேடும் முன், யாருக்கு டேட்டா உண்மையில் செலவாகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை என்று எனக்குப் பட்டது. அதில்தான் பெரிய மிச்சம் கிடைத்தது.

போன் செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் என்று ஒரு பக்கம் இருக்கும். மொபைல் டேட்டா தனி, வைஃபை தனி. அம்மாவின் போனில் வைஃபை கணக்கு எங்கேயோ நின்றது. யூடியூபில் பிரவசனம், சமையல், பேரன் பேத்தி வீடியோ கால் எல்லாம் அதில்தான். மொபைல் டேட்டாவோ மாதம் முழுக்கச் சேர்த்தும் ஒரு ஜிபியைத் தொடவில்லை. அப்பாவுக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஆனால் அப்போது நெடுநாள் வேலிடிட்டியோடு டேட்டா இல்லாத திட்டம் தேடினாலும் சரியாக அமையவில்லை. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியைத் திருத்தி, கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள திட்டம் ஒன்றாவது கட்டாயம் தர வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அவை வந்தன. ஏர்டெலில் 84 நாளுக்கு 469 ரூபாய், ஒரு வருடத்துக்கு 1,849. அதே 84 நாளுக்கு தினம் 1.5 ஜிபியோடு 859 கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு ரீசார்ஜுக்கு 390 ரூபாய் வித்தியாசம். இருவருக்கும் முதலில் 84 நாள் போட்டுப் பார்த்து, ஒத்துவந்ததும் வருடத் திட்டத்துக்குப் போனோம். அடிக்கடி ரீசார்ஜ் செய்யும் வேலையும் இல்லை, வங்கி ஓடிபியும் வழக்கம்போல் வருகிறது.

குறையும் உண்டு. "கோயில் வாசல்ல பூக்காரம்மாகிட்ட ஜிபே போகலடா" என்று அம்மா முதல் வாரமே சொன்னார். வெளியே போனால் வாட்ஸ்அப்பும் இல்லை, ஆட்டோ புக் செய்வதும் இல்லை. அம்மா இப்போது கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்கிறார். தூரப் பயணம் என்றால் யாராவது ஹாட்ஸ்பாட் தருகிறோம். அப்பாவுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. தனியாக அடிக்கடி வெளியே போய்வரும் பெரியவர் என்றால் நான் இதைச் சொல்லவே மாட்டேன். வழியில் ஒரு அவசரம் என்றால் மேப்பும் லொகேஷனும் வேண்டும்.

கல்லூரிக்கு பஸ்ஸில் போகும் மகளின் டேட்டாவில் கை வைக்கவில்லை. 28 நாள் திட்டத்தை மட்டும் மாற்றினேன். 28 நாள் என்றால் வருடத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். நான் மாற்றியபோது ஜியோவில் 299 திட்டம் மூன்று முறை போட்டால் 897; அதே 1.5 ஜிபி 84 நாளுக்கு மொத்தமாக 799.

மனைவியின் எண் இருந்த நெட்வொர்க்கில் வீட்டுக்குள் சிக்னல் சரியில்லை, அதே எண்ணோடு வேறு நெட்வொர்க்குக்கு மாற்றினோம், அதாவது போர்ட் செய்தோம். போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, எண்ணைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு கோட் வரும். நாலு நாளுக்குள் அதைப் பயன்படுத்த வேண்டும். இப்போதுள்ள நெட்வொர்க்கில் சேர்ந்து 90 நாளாவது ஆகியிருக்க வேண்டும். வங்கி வேலை இல்லாத நாட்களாகப் பார்த்து மாறுவது நல்லது.

ஃபைபரில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். விளம்பரத்தில் 499 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து கையிலிருந்து போவது 589. கூடவே வரும் ஓடிடியை யாராவது பார்க்கிறார்களா என்று கேட்டுவிட்டு அப்புறம் திட்டத்தை எடுங்கள்.

கரண்ட் பில்லில் வேறு மாதிரிக் கணக்கு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது பெரிய கோடு. அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். 2024 ஜூலை கட்டணப்படி அந்த யூனிட்டின் விலை 2.35 ரூபாயிலிருந்து 4.70 ஆகும்; 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,124. பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! அதனால் ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே மீட்டரில் யூனிட்டைக் காட்டும் கேடபிள்யூஎச் எண்ணைப் பார்த்து, இபி கார்டில் உள்ள பழைய ரீடிங்கைக் கழித்துவிடுவேன். 400ஐ நெருங்கிவிட்டால் ஏசி இரவு மட்டும்தான், அதுவும் 26ல் வைத்து ஃபேனோடு. கோடையில் சில சமயம் தாண்டத்தான் செய்கிறது. வெயில் தாங்காத வயதில் பெரியவர்கள் இருக்கும்போது அதில் பிடிவாதம் பிடிக்க முடியாது.

ஃபேன் அதிகம் ஓடும் இரண்டு அறைகளில், கரண்ட் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி ஃபேன் மாட்டினோம். பழைய ஃபேன் 75 வாட்ஸ், இது 30 வாட்ஸ் அளவு. தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 27 யூனிட் குறையும். ஹாலில் எப்போதாவது ஓடும் ஃபேனை மாற்றவில்லை, போட்ட பணம் திரும்பி வர நெடுநாள் ஆகும்.

டேட்டா இல்லாத சிம் எங்களுக்கு ஒத்துவந்ததற்குக் காரணம் வீட்டில் நிற்காமல் ஓடும் வைஃபையும் இன்வெர்ட்டரில் இணைத்த ரவுட்டரும்தான். அடிக்கடி கரண்ட் போய் ரவுட்டரும் அணைந்துவிடும் ஊர் என்றால், வீட்டில் இரண்டு சிம்மிலாவது டேட்டா இருக்கட்டும்.