ஹெட்டைக் கழற்றாமல் பதினாறு வால்வு சீல்: கணபதியில் ஒரு பட்டறை

அப்பா 2004இல் வாங்கிய மாருதி எஸ்டீம் இப்போது 1,93,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. ஓராண்டாக அது ஆயில் குடிக்கத் தொடங்கி, கடைசியில் 900 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. கோவையில் சத்தி சாலையிலிருந்து கணபதிக்குள் திரும்பும் சந்தில் இருக்கும் இந்தச் சிறு பட்டறையில் சென்ற தை மாதம் அதன் பதினாறு வால்வு சீல்களையும் (சிலிண்டருக்குள் ஆயில் இறங்காமல் தடுக்கும் சிறு ரப்பர்கள்) மாற்றினேன். சீல் மாற்றிய மறுநாள் எந்த வண்டியும் புகையில்லாமல்தான் ஓடும் என்பதால், அதன் பின் 3,400 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த அறிகுறிகள் மூன்று. இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை ஒரு குப்பென்று வந்து, அரை நிமிடத்தில் நின்றுவிடும். சிக்னலில் நெடுநேரம் ஐடிலில் நின்று கிளம்பும்போது மறுபடி வரும். மனைவியின் ஊர் குன்னூர் என்பதால் மாதம் ஒருமுறையாவது மலைப்பாதையில் இறங்குகிறோம்; பர்லியார் வளைவுகளில் இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இறங்கிவந்து கல்லாறுக்குக் கீழே சமவெளியில் முதன்முறையாக மிதிக்கும்போது பின்கண்ணாடியே மறையும் அளவுக்குப் புகை எழும். ஒருமுறை பின்னால் வந்த வேன்காரர் விளக்கை அடித்து அடித்து எங்களை ஓரங்கட்டச் செய்து, வண்டியில் தீப்பிடித்துவிட்டதோ என்று கேட்டார். பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

முதலில் போன வேறொரு பட்டறையில் புகையைப் பார்த்த மாத்திரத்திலேயே எஞ்சினை இறக்கி, போர் செய்து (சிலிண்டர் சுவரைக் கடைந்து), பிஸ்டனும் அதைச் சுற்றி அடைக்கும் ரிங்கும் மாற்ற வேண்டும், 45,000 ரூபாய் ஆகும் என்றார்கள். ஒரு மீட்டரைக்கூட வைத்துப் பார்க்கவில்லை. இன்னோர் இடத்தில், கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றி ஓட்டச் சொன்னார்கள். கெட்டி ஆயில் கசிவைச் சில வாரங்களுக்குக் குறைத்துக் காட்டலாமே தவிர, இறுகிப்போன ரப்பரை அது இளக்காது. எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் படிந்து, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் மெல்லச் செயலிழக்கும் என்பதால், தள்ளிப்போடுவது மலிவான வழியும் அல்ல.

இந்தப் பட்டறையை நடத்துபவருக்கு அறுபது வயதிருக்கும்; எல்லோரும் அண்ணா என்றுதான் அழைக்கிறார்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே அவர் கேட்ட கேள்வி, “காலையில மொத ஸ்டார்ட்ல புகை வருதுங்களா, இல்ல மிதிக்க மிதிக்க வந்துட்டே இருக்குதுங்களா?” என்பது. ரிங் தேய்ந்த எஞ்சின் சுமையில் தொடர்ந்து புகைவிடும், சீல் போன எஞ்சின் நின்று கிளம்பும்போதும் இறக்கத்திற்குப் பின்பும்தான் விடும் என்ற வேறுபாட்டை அவர் அந்த ஒரு கேள்வியிலேயே பிரித்துவிட்டார். ஆயினும் அதை மட்டும் நம்பி அவர் வேலையைத் தொடங்கவில்லை. முதலில், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தார். அது அடைத்துக்கொண்டாலும் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி ஆயில் எரியும், அதை மாற்ற ஆகும் செலவோ மிகக் குறைவு. அது சரியாக இருந்தது. பிறகு எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை வைத்தார். 172, 168, 165, 170 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) என்று வந்தது. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது ஐந்தாறு பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து அளவைத் தூக்கிக் காட்டியிருக்கும். நான்கு எண்களையும் ஒரு நோட்டில் எழுதி, என்னிடம் காட்டி, பிறகுதான் சீல் என்றார். என் 45,000 ரூபாயைக் காப்பாற்றியது இந்த நாற்பது நிமிடம்தான். இதற்காகவே இந்தப் பட்டறையை மற்றவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வால்வு சீல் என்பது வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான கைடின் தலையில் தொப்பிபோல் உட்காரும் சிறு ரப்பர். மேலே, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்கள் மீது தெளிக்கும் ஆயிலில் தண்டு நனையும் அளவுக்கு மட்டும் கீழே விட்டு, மீதியைத் தடுப்பதே அதன் வேலை. இருபது ஆண்டுச் சூட்டில் அந்த ரப்பர் இறுகி, உதடு தண்டை விட்டு விலகிவிடுகிறது. இரவில் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல் உட்காரும், வால்வுகளைத் தாங்கும் பாகம்) தேங்கும் ஆயில் துளித்துளியாக இறங்கிக் காலையில் எரிகிறது. மலை இறங்கும்போது, காற்று உள்ளே போகும் வழியிலுள்ள திராட்டில் மூடியிருக்க, எஞ்சின் வேகமாகச் சுற்றுவதால் இன்டேக் பக்கம் கடும் வெற்றிடம் உண்டாகி, அது கைடு வழியே ஆயிலை உறிஞ்சுகிறது. கல்லாறில் நாங்கள் கண்ட புகைக்கு இதுதான் காரணம்.

வேலை நடந்த முதல் நாள் முழுவதும் நான் அங்கேயே இருந்தேன். அவர்கள் அதை மறுக்கவில்லை. ஹெட்டின் மேல்மூடியான டேப்பட் கவரையும் ராக்கர் ஆம்களையும் எடுத்த பிறகு, ஆயில் கீழே திரும்பும் துளைகள் அனைத்தையும் சுத்தமான துணியால் அடைத்தார்கள். ஸ்பிரிங்கை வால்வுத் தண்டோடு பிடித்துவைக்கும் லாக்குகள், ஒரு வால்வுக்கு இரண்டு வீதம், முப்பத்திரண்டு கழன்று வரும் வேலை இது. அரிசிமணியைவிடச் சற்றே பெரிதான அவற்றில் ஒன்று துளைக்குள் விழுந்தாலும் எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைக் கழற்ற வேண்டியதாகிவிடும். ஹெட்டைக் கழற்றாமல் ஸ்பிரிங்கை எடுக்கும்போது வால்வு சிலிண்டருக்குள் விழாதிருக்க ஒரு பிடிமானம் தேவை. வழக்கமாகப் பிளக் துளை வழியே கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தி வால்வை மேலே அழுத்தி வைப்பார்கள். அண்ணா காற்றை நம்புவதில்லை. நடுவில் மின்சாரம் போனாலோ ஹோஸ் கழன்றாலோ வால்வு இறங்கிவிடும் என்றார். அவருடைய முறை கயிறு. பிஸ்டன் சற்றுக் கீழே இருக்கும்போது மெல்லிய நைலான் கயிற்றைப் பிளக் துளை வழியாகச் சுருள் சுருளாக உள்ளே விட்டு, நுனியை வெளியே வைத்துக்கொண்டு, பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றுகிறார். பிஸ்டன் கயிற்றை மேலே தள்ள, கயிறு வால்வுகளின் அடியில் மெத்தைபோல் இறுகிக்கொள்கிறது. எந்த இயந்திரமும் இல்லாமல் நடக்கும் அந்தக் காரியத்தை நான் வியந்து பார்த்தேன்.

ஸ்பிரிங்கை அழுத்தி, காந்தக் குச்சியால் லாக்குகளை எடுத்து, பழைய சீலைப் பிடுங்கினார்கள். அதை என் உள்ளங்கையில் வைத்து நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பிளாஸ்டிக்போல் இருந்தது, மடக்கியதும் உடைந்தது. புதியவை விட்டான் வகை ரப்பர். பழைய நைட்ரைல் ரப்பரைவிட இது சூட்டை நெடுநாள் தாங்கும் என்பதால் இதைக் கேட்டு வாங்குவது நல்லது. புதிய சீலைப் போடும்போது தண்டின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டி, ஆயில் தடவி, அதன் மேலாகத்தான் இறக்கினார்கள். லாக் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு கூர்மையானது. உறையில்லாமல் அவசரப்பட்டு இறக்கினால் புதிய சீலின் உதடு அங்கேயே கிழிந்து, செய்த வேலை முழுதும் வீணாகும். வேறு எங்கு இந்த வேலையைச் செய்தாலும் இந்த உறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது சிலிண்டரில் ஓர் எக்ஸாஸ்ட் வால்வின் நுனியில் ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி, கயிற்றைச் சற்றுத் தளர்த்தி, வால்வைப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார் அண்ணா. மற்றவற்றைவிட அது கூடுதலாக ஆடியது. கைடு தேய்ந்திருந்தால் தண்டின் ஆட்டம் புதிய சீலையும் விரைவில் தின்றுவிடும். அதைச் சரிசெய்ய ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, வேறு கைடு அடிக்க வேண்டும். “இப்பத்திக்கு ஓடுமுங்க, ஆனா இதுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்” என்று சொல்லி, பில்லிலும் அப்படியே எழுதிக்கொடுத்தார். மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரே நாளில் முடியும் என்றவர்கள் மூன்றாம் நாள் மாலைதான் வண்டியைக் கொடுத்தார்கள், இடையில் தொலைபேசியில் அழைத்துச் சொல்லவும் இல்லை. அதைவிடப் பெரிய குறை, டேப்பட் கவருக்குப் பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டது. ஒரே வாரத்தில் கவரின் ஓரமாக ஆயில் கசிந்து எக்ஸாஸ்ட் மீது சொட்டி, கருகிய வாடை வண்டிக்குள் வந்தது. இத்தனை நுணுக்கமாக வேலை பார்த்தவர்கள் விலை குறைந்த ஒரு ரப்பரை மாற்றாமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. திரும்பப் போனபோது வாதம் செய்யாமல், புதிய பேக்கிங்கைக் காசு வாங்காமல் போட்டுக்கொடுத்தார்கள். ஆயினும் அதற்காக எனக்கு அரைநாள் விடுப்பு செலவானது.

பில் 10,170 ரூபாய். சீல்களுக்கு 1,120, டைமிங் பெல்ட்டுக்கு 1,900, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் 1,650, கூலி 5,500. பெல்ட் நான் கேட்டு மாற்றியது. எஸ்டீம் விற்பனை 2007இல் நின்றுவிட்டாலும், இதே 1,298 சி.சி. எஞ்சின் ஜிப்ஸியிலும் வெர்ஸாவிலும் வந்ததால் சீல் கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை. பிரித்த பாக்கெட்டுகளையும் பழைய சீல்கள் பதினாறையும் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள்.

மேடேறும்போதும் சுமையிலும் விடாமல் புகைக்கும் வண்டியை வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை பயன்படாது. அப்படிப்பட்ட வண்டியோடு போனாலும் அண்ணா முதலில் கேஜை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார் என்பது என் நம்பிக்கை. என் வண்டியில் இந்த 3,400 கிலோமீட்டருக்கு ஊற்றிய ஆயில் கால் லிட்டர். சென்ற வாரம் குன்னூரிலிருந்து இறங்கிக் கல்லாறைத் தாண்டியதும் வேண்டுமென்றே நன்றாக மிதித்துப் பார்த்தேன். பின்கண்ணாடியில் பாக்குத் தோப்பும் பின்னால் வந்த பேருந்தும் தெளிவாகத் தெரிந்தன. 5,000 கிலோமீட்டர் ஆனதும் மூன்றாவது சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் அண்ணா.