பன்னாட்டுத் தேர்வுத் தரவுக்கு ஐடிபி அனலைசர்: ஒரு மதிப்பீடு

பீசா, டிம்ஸ், பிர்ல்ஸ் முதலிய பன்னாட்டு மாணவர் மதிப்பீடுகளின் தரவைப் பகுத்தாய்வதற்காக ஐ.இ.ஏ. என்னும் பன்னாட்டுக் கல்வி ஆய்வு அமைப்பு இலவசமாக வழங்கும் மென்பொருள் ஐடிபி அனலைசர். இந்தத் தரவை முதன்முறையாகக் கையில் எடுக்கும் ஆய்வு மாணவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான்.

இந்தத் தரவில் சராசரியைக் கண்டுபிடிப்பது எளிது. அந்தச் சராசரியின் திட்டப்பிழையை, அதாவது மாதிரியில் கண்ட சராசரி உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்னும் அளவைக் கண்டுபிடிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். திட்டவிலக்கம் (மதிப்பெண்களின் பரவல்) 100, மாணவர்கள் 6,000 பேர் என்று வைத்துக்கொண்டு, திட்டவிலக்கத்தை மாணவர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கும் பாடப்புத்தக வாய்பாட்டைப் போட்டால் திட்டப்பிழை 1.3 என்று வரும். ஆனால் பீசா 2022 கணிதத்தில் தைவானுக்கு வெளியிடப்பட்ட திட்டப்பிழை 3.8. முதலில் பள்ளிகளைத் தேர்ந்து, பிறகு அவற்றுக்குள் மாணவர்களைத் தேர்வதால், ஒரே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். 6,000 பேர் இருந்தாலும் 6,000 தனித்தனிச் செய்திகள் நமக்குக் கிடைப்பதில்லை. மேலும், ஒவ்வொரு மாணவரும் வினாக்களில் ஒரு பகுதிக்கு மட்டுமே விடையளிப்பதால், அவருக்கு ஒற்றை மதிப்பெண் தராமல், 2015 முதல் பத்துச் சாத்திய மதிப்பெண்களைப் பீசா தருகிறது. அந்தப் பத்தையும் மாணவர்வாரியாகச் சராசரி எடுத்துவிட்டுக் கணக்கைத் தொடங்குவது பிழை.

மென்பொருளில் பீசாவைத் தேர்ந்து, நாட்டைக் குழுமாறியாக வைத்து, கணிதச் சாத்திய மதிப்பெண்களைக் குறித்தால், ஒவ்வொரு மாணவரும் நாட்டில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று காட்டும் எடை மாறியைத் தானே எடுத்துக்கொள்கிறது. உள்ளே நடப்பது பெரிய வேலை. மாதிரி மாறினால் சராசரி எவ்வளவு மாறும் என்று அறிவதற்காகப் பீசா கோப்பில் 80 மறுபிரதி எடைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பாதிப் பள்ளிகளின் எடை 1.5 மடங்காகவும் மறுபாதியின் எடை 0.5 மடங்காகவும் மாற்றப்பட்டிருக்கும். முழு எடையோடு சேர்த்து 81 எடைகள், பத்து மதிப்பெண்கள் என ஒரு நாட்டுக்கு 810 சராசரிகள் கணக்கிடப்படுகின்றன. முழு எடைச் சராசரியிலிருந்து மறுபிரதிச் சராசரிகள் விலகும் அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டி 20ஆல் வகுக்க வேண்டும். கையால் நிரல் எழுதிய காலத்தில் நான் 80ஆல் வகுத்துவிட்டு, திட்டப்பிழை ஏறத்தாழப் பாதியாக வந்ததை வெளியான அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகே உணர்ந்தேன். டிம்ஸுக்கு முறையே வேறு, அங்கே ஜாக்நைஃப் என்னும் மற்றொரு மறுபிரதி முறை. எந்த ஆய்வுக்கு எந்த முறை, எந்த வகு எண் என்பதை மென்பொருளே அறிந்திருப்பதுதான் இதன் தலையாய பயன்.

வேறுபாடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பீசா 2022 கணிதத்தில் தைவான் 547, ஹாங்காங் 540, ஜப்பான் 536. திட்டப்பிழைகள் முறையே 3.8, 3.0, 2.9. தைவானுக்கும் ஹாங்காங்குக்கும் உள்ள 7 புள்ளிகளை, இரு பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்த 4.84ஆல் வகுத்தால் 1.45தான் வருகிறது, வேறுபாடு தற்செயலானதல்ல என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்வதற்கான எல்லையான 1.96ஐ எட்டவில்லை. ஹாங்காங், ஜப்பான் இடையிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் தைவான், ஜப்பான் இடையில் 2.3 வருகிறது, அது உண்மையான வேறுபாடு. தரவரிசையை மட்டும் அச்சிடும் செய்தித்தாள்கள் இதைச் சொல்வதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இந்த வாய்பாடு தனித்தனி மாதிரிகளுக்கே பொருந்தும். ஒரே நாட்டின் மாணவர்களையும் மாணவியரையும் ஒப்பிடும்போது இருவரும் பெரும்பாலும் அதே பள்ளிகளிலிருந்து வருவதால், இரண்டு திட்டப்பிழைகளை எடுத்துக் கூட்டக் கூடாது. மென்பொருளின் தொடர்புப்போக்கு (ரிக்ரஷன்) பகுதியில் பாலினத்தை 0, 1 என்று இட்டு, அந்தக் கெழுவின் திட்டப்பிழையை எடுத்துக்கொள்வதே முறை.

குறைகளும் உண்டு. இது விண்டோஸில் மட்டுமே இயங்குகிறது. இது தானே கணக்குப் போடுவதில்லை, எஸ்.பி.எஸ்.எஸ், சாஸ் அல்லது ஆர் மொழிக்கான நிரலை எழுதித் தருகிறது. முதலிரண்டும் விலை மிக்கவை என்பதால், கட்டணமில்லாத ஆர் மொழிக்கும் ஐந்தாம் பதிப்பில் வழி செய்தது பெரிய உதவி. அந்த நிரலைச் சேமித்து ஆய்வோடு இணைத்தால், வேறொருவர் வரிக்கு வரி சரிபார்க்கலாம்.

ஆண்டுகளை ஒப்பிடுவோர் மட்டும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இரு சுற்றுகளின் அளவுகோல்களை இணைப்பதில் எழும் இணைப்புப் பிழையை நாமேதான் சேர்க்க வேண்டும். கணிதத்தில் 2018க்கும் 2022க்கும் இடையே அது 2.24. இருமுறையும் திட்டப்பிழை 2.7 கொண்ட ஒரு நாடு 8 புள்ளி உயர்ந்ததாகக் கொண்டால், இணைப்புப் பிழையை விட்டுவிட்டால் 2.10 வந்து முன்னேற்றம் என்று தோன்றும், சேர்த்தால் 1.81 ஆகிவிடும், முன்னேற்றம் என்று எழுத இயலாது.