இணக்கக் கட்டணமா, நீதிமன்ற வழக்கா?

சுருக்குக் கம்பியில் காட்டுப்பன்றியைப் பிடித்தவர் கையும் களவுமாகச் சிக்கினால், வனத்துறைக்கு இரண்டு வழிகள் உண்டு.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 54-இன்படி இணக்கக் கட்டணம் வசூலிப்பது ஒரு வழி. 2022 திருத்தத்துக்குப் பிறகு உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய், முன்பு 25,000தான். பணம் கட்டியதும் விடுதலை, வழக்கு முடிந்தது. ஆனால் குறைந்தபட்சச் சிறைத்தண்டனை உள்ள குற்றங்களுக்கு இது செல்லாது. சட்டத்தின் முதல் அட்டவணையில் (உச்சப் பாதுகாப்புள்ள உயிரினங்களின் பட்டியல்) உள்ள மயிலை வேட்டையாடுவது, சரணாலயத்துக்குள் நடந்த வேட்டை, இரண்டாம் முறை குற்றம் எல்லாம் நேரே நீதிமன்றம்தான். முதல் இரண்டுக்கும் 3 முதல் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

வழக்கு சறுக்குவது பெரும்பாலும் தடயத்தில். இறைச்சியை ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதையும். சிறு துண்டுகளாக வெட்டி, தூய எத்தனாலில் மூழ்க வைத்து, சாட்சிகள் முன் முத்திரையிட வேண்டும். கம்பியில் ஒட்டிய ரோமத்தைக் காயவைத்துத் தனிக் காகித உறையில் இடுவது நல்லது. மகஜரில் (கைப்பற்றியதைப் பதிவு செய்யும் ஆவணம்) எழுதிய எடையும் ஆய்வகத்துக்குப் போன எடையும் மாறினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். வாக்குமூலத்தை உதவி வனப் பாதுகாவலர் அந்தஸ்துக்குக் குறையாதவர், குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்தால்தான், அதை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்க வழிசெய்யும் பிரிவு 50(9) கைகொடுக்கும்.

வயிற்றுப்பாட்டுக்காக முதல்முறை கண்ணி வைத்தவருக்குக் கட்டணமே போதும். இறைச்சி வியாபாரிக்கு அது வெறும் தொழில் செலவு; அவர்மேல் வழக்குத்தான் போட வேண்டும்.