ஆல்பெண்டசோல் 400: அஞ்சுக்கு நாலு மார்க்

கும்பகோணத்திலோ வேதாரண்யத்திலோ மருந்துக் கடையில் பூச்சி மாத்திரை என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம்தான். பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாளையொட்டி பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுப்பதும் இதுவே.

உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் நன்றாகக் கேட்கிறது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குப் பாதம் வழியே ஏறுவது கொக்கிப்புழு. மருந்து புழுவைச் சர்க்கரை எடுக்கவிடாமல் பட்டினி போட்டுத்தான் கொல்கிறது. அதற்கு ரெண்டு மூணு நாள் ஆகலாம். மறுநாளே புழு விழவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

மாத்திரையை மென்று தின்ன வேண்டும். சாக்பீஸைக் கடித்த மாதிரி மாவாகிக் கடைவாயில் ஒட்டிக்கொள்ளும், கூடவே தண்ணீர் கொடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ரெண்டு கரண்டிக்கு நடுவில் வைத்துப் பொடித்து, தண்ணீரில் கலக்கித்தான் தர வேண்டும். அழுகிற வாயில் திணித்தால் புரையேறும். ஒன்று முதல் ரெண்டு வயதுக்குள் அரை மாத்திரை, அதற்கு மேல் முழுசு.

10 மில்லி பாட்டில் வாங்கினால் அதிலும் 400தான். மருந்து அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் இனிப்புத் தண்ணீர் வயிற்றுக்கும் மருந்து குப்பைக்கும் போகும்.

ஒரு மார்க் குறைவது எதற்கு? சாட்டைப்புழுவை ஒற்றை மாத்திரை சரியாகக் கொல்வதில்லை. நாடாப்புழுவுக்கு இதை நம்பக் கூடாது, வேறு மருந்து உண்டு. ராத்திரி ஆசனவாயில் அரிக்கும் கீரிப்பூச்சிக்கு ரெண்டு வாரம் கழித்து இன்னொன்று போட்டே ஆகணும், முட்டை தப்பிவிடும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போடாவிட்டால் பிள்ளைக்குத் திரும்பவும் ஒட்டும்.

ஜெல்லி மீன் விஷத்தில் பூச்சி மருந்து வருமா என்ற கேள்வியும் உண்டு. நாகப்பட்டினம் பக்கம் வலையில் ஏறும் சொறி மீன்தான் அந்த ஜெல்லி மீன். அந்த விஷத்தில் இருக்கும் சில புரதங்கள் செல்லின் சவ்வில் ஓட்டை போடும். புழுவின் செல்லா, நம் குடலின் செல்லா என்று பார்க்காது. விழுங்கினால் வயிறு அதைச் சோற்றைப் போலச் செரித்துவிடவும் கூடும். சூட்டுக்கும் தாங்காது, சொறி மீன் பட்ட இடத்தைப் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைப்பது அதனால்தான். ஆய்வுக்கூடத்துக்கு நல்ல சரக்கு, கடையில் வாங்க ஒன்றும் இல்லை.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ஆல்பெண்டசோல் வேண்டாம். வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.