ஐப்பசியில் கூந்தன்குளம்: ஐந்துக்கு மூன்றரை

நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் என்றதும் எல்லாருக்கும் நினைவில் வருவது ஒரே படம்தான்: ஊருக்குள் நிற்கும் மரமெல்லாம் மஞ்சள்மூக்கு நாரை, நடுவில் கூழைக்கடா, கூட்டுக்குக் கூடு குஞ்சு. அது தை, மாசிக்குப் பிறகு எடுத்த படம். அதை மனசில் வைத்துக்கொண்டு ஐப்பசியில் வந்தால் வெறும் உடைமரங்களைப் பார்த்துவிட்டு ஏமாந்துதான் போக வேண்டும். இந்த மாதத்துக்கு வேறு கணக்கு உண்டு. அது தெரிந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீண்போகாது.

பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கூந்தன்குளம், காடன்குளம் என்ற இரண்டு பாசனக் குளங்கள் சேர்ந்ததுதான் சரணாலயம், 129 ஹெக்டேர். 1994இல் சரணாலயமானது, 2022இல் அறிவிக்கப்பட்ட ராம்சர் (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற) ஈரநிலங்களில் இதுவும் ஒன்று. பட்டமெல்லாம் இருந்தாலும் அடிப்படையில் இது வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் குளம். மணிமுத்தாறு கால்வாயில் தண்ணீர் வர வேண்டும், இல்லையென்றால் வடகிழக்குப் பருவமழை கைகொடுக்க வேண்டும். எந்தப் பறவை நிற்கும் என்பதைக் காலண்டரை விட அந்தத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது.

ஆகவே காரை நிறுத்தியதும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் மட்டம். உள்வாயில், அதாவது குளத்தின் உட்பகுதியில், சேறும், விரல் ஆழத்திலிருந்து கணுக்கால் ஆழம் வரை தண்ணீரும் இருந்தால் அது சேற்றில் இரைதேடும் உள்ளான்களின் நாள்: பொரி உள்ளான், கொசு உள்ளான், பவளக்கால் உள்ளான், ஓரத்தில் பட்டாணி உப்புக்கொத்தி. புழு பூச்சியைச் சேற்றில் குத்தி எடுக்கும் பறவைகளுக்கு ஆழம் ஆகாது. முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியதும் நாரையும் கரண்டிவாயனும் இறங்கும். குளம் பெருகி மறுகாலில் உபரித் தண்ணீர் பாய்ந்துவிட்டால் உள்ளான் கூட்டம் கலைந்து, வாத்துகளுக்கும் நாமக்கோழிக்கும் இடம் விட்டுவிடும். ஒரு வாரம் கொட்டிய மழைக்குப் பிறகு 'பறவையே இல்லை' என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் நிறைகுளத்தில் உள்ளானைத் தேடியவர்கள். அந்த வாரத்தில் பக்கத்தில் அரைகுறையாக நிறைந்த சின்னக் குளங்களையும், பிசான நெல் சாகுபடிக்கு உழுது தண்ணீர் கட்டிய வயல்களையும் பார்க்க வேண்டும். உள்ளான்கள் அங்கேதான் இருக்கும்.

வாத்துகளில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஐப்பசியில் வந்து சேரும்போது ஆண்கள் இன்னும் இனப்பெருக்க கால வண்ணம் திரும்பாமல் பெட்டைகளைப் போலவே மங்கலாக இருக்கும். புத்தகப் படத்தில் உள்ள வண்ணத்தைத் தேடினால் எல்லாமே 'தெரியாத வாத்து' ஆகிவிடும். உருவத்தைப் பாருங்கள்: நீண்ட கழுத்தும் கூர்வாலும் ஊசிவால், அகப்பை போன்ற அலகு தட்டைவாயன், புருவத்தில் வெளிர்கோடு நீலச்சிறகி. வரித்தலை வாத்தை இப்போது எதிர்பார்க்காதீர்கள். அதற்கு மார்கழி பிறக்க வேண்டும்.

சூரியன் எழுவது சுமார் ஆறு மணி பத்து நிமிடத்துக்கு. அதற்கு முன்பே கரையில் நிற்க வேண்டும். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். மாறி நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். ஒன்பதரைக்கு மேல் தண்ணீர்மேல் கானல் ஆடத் தொடங்கும். பிறகு எவ்வளவு விலையுள்ள டெலஸ்கோப் வைத்தாலும் உருவம் நெளியும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் நெளிவும் கூடும். பைனாகுலர் என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும் எட்டுக்கு நாற்பத்திரண்டு (8x42) போதும். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். குளத்தின் நடுவில் நிற்பதைப் பார்க்க முக்காலியில் வைத்த டெலஸ்கோப் வேண்டும். கண்காணிப்புக் கோபுரம் மொத்தக் கூட்டத்தைப் பார்க்க நல்லது, இனம் பிரிக்கக் கரைதான் நல்லது.

மழை பெய்த மறுநாள் கரையில் காரை ஏற்றவே கூடாது. ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், திருப்ப இடமும் கிடையாது. பைக் போதும். பேருந்தில் வருகிறவர்கள் மூலைக்கரைப்பட்டியில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். காலைச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். தீபாவளி வாரம் அமைந்தால் இன்னும் விசேஷம்: பறவைக்காக வெடியே போடாத ஊர் இது.

அதே நாள் மாலை விஜயநாராயணம் பெரியகுளம். பரந்த நீர்ப்பரப்பு, வாத்துக்கு நல்ல இடம்; ஆனால் டெலஸ்கோப் இல்லாமல் போனால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அங்கே கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம் இருக்கிறது. அந்தத் தளத்தின் கோபுரங்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஞாயிறு காலை திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலை ஒட்டி, தாமிரபரணிக் கரையில் பறவைகள் தங்கும் மருதமரங்கள். வெறும் 2.84 ஹெக்டேர்தான், ஆனால் 2005இல் நாட்டிலேயே முதலாவது பாதுகாப்புக் காப்பகமாக (Conservation Reserve) அறிவிக்கப்பட்ட இடம். இங்கே ஒரு மணி நேரம் போதும். மரத்தடியில் தொப்பி இல்லாமல் நிற்க வேண்டாம், எச்சம் விழும். மாலையில் நெல்லை டவுன் நயினார்குளம்; ஐந்தரைக்குப் போனால் கொக்கும் நீர்க்காகமும் அடைய வருவதைப் பார்க்கலாம். நகரத்துக் குப்பையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றரை மதிப்பெண் ஐப்பசிக்கு மட்டும். தை, மாசியில் என்றால் நாலரை போடுவோம். இனம் பிரிக்கத் தெரியாமல் தயங்குகிறவர்கள் ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேரலாம். தெரிந்தவர்களோடு ஒரே நாளில் நாலைந்து குளம் ஏறி இறங்கிவிடலாம்.